வாடகை வீட்டு ரிப்பேர்: நாமே போய் நிக்கிறதா, குடியிருக்கவங்க கைல விடறதா, மேஸ்திரிகிட்ட ஒப்படைக்கிறதா?

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கு, கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன், அப்பா 1996-ல கட்டினது. கீழ 10,000 வாடகை, மாடிக்கு 12,000. நான் இருக்கறது திருச்சில. "உனக்கென்னப்பா ரெண்டு வாடகை வருது"ன்னு சொந்தக்காரங்க சொல்றப்ப ஒண்ணும் பேசறதில்ல, ஏன்னா அந்த வாடகைல எத்தனை மாசம் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. ரிப்பேரை யார் பாக்கறதுங்கறதுல மூணு வழியும் நான் பட்டு முடிச்சாச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல நாமே போய் நின்னு செய்யறது. உள்ளூர்ல இருக்கவங்களுக்கு இதுதான் சல்லிசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா என்னை மாதிரி வெளியூர்ல இருந்தா ஒரு டேப் வாஷருக்காக காலைல பல்லவன் ரயில் ஏறி மதியம் தாம்பரத்துல இறங்கி பிளம்பருக்கு போன் போட்டா "வந்துட்டே இருக்கேன் சார்"ம்பார், அஞ்சு மணிக்கும் வந்துட்டேதான் இருப்பார். லீவு போச்சு, டிக்கெட் காசு போச்சு, டேப் அப்படியேதான் ஒழுகுது. அதோட நம்ம வீடுதானேன்னு நினைச்ச நேரத்துக்கு உள்ள போயிட முடியாது, 24 மணி நேரம் முன்னாடியே எழுத்துல சொல்லிட்டுத்தான் போகணும்னு வாடகைச் சட்டத்துலயே இருக்கு.

ஆனா இந்த வழில ஒரு லாபம் வேற எதுலயும் கிடைக்காது, நம்ம கண்ணு. ஒரு தடவை சுவிட்ச் போர்டு பாக்கப் போனவன் சும்மா மொட்டை மாடிக்கு ஏறினேன், பக்கத்து வீட்டு வேப்ப இலை மொத்தமும் மழைத்தண்ணி குழாய் வாயில அடைச்சு கணுக்கால் அளவு தண்ணி நிக்குது. கையால அள்ளிப் போட்டேன், செலவு பூஜ்யம். அதை மட்டும் அந்த ஐப்பசில பாக்காம விட்டிருந்தா தட்டோடு இடுக்கு வழியா இறங்கி மாடி போர்ஷன் சீலிங் மொத்தமும் ஊறியிருக்கும்.

ரெண்டாவது, குடியிருக்கவங்களே ஆள் கூப்பிட்டு செஞ்சுட்டு வாடகைல கழிச்சுக்கறது. இதுக்கு நம்ம ஆளுங்க பயப்படறதுக்குக் காரணம் பில்லு. டேப் மாத்தினேன் 1,450-ன்னு வாட்ஸப்ல வந்தா நமக்கு சுருக்குன்னுதான் இருக்கும், தங்கத்துலயா போட்டீங்கன்னு கேக்கத் தோணும். சிலபேர் மலிவா ஏதோ ஒண்ணை மாட்டுவாங்க, அங்க போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, நாலு மாசத்துல அது இறுகிப் போயிடும்.

இருந்தாலும் நான் இந்த வழிக்கு வந்ததுக்கு ஒரு கதை இருக்கு. அப்பா இருந்த வரைக்கும் யாராவது ரிப்பேர்னு போன் பண்ணா "நீங்க வந்தப்புறம்தான் எல்லாம் கெட்டுப் போகுது"ன்னு ஆரம்பிப்பார். மாடில இருந்த அக்கா பாவம், ரொம்ப மரியாதையானவங்க, திட்டு வாங்க வேணாம்னு பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல தண்ணி இறங்கறதை சொல்லவே இல்ல. கீழ் வீட்ல அப்பப்ப கரண்ட் டிரிப் ஆகும், அவங்களும் ஃபேன் கோளாறுன்னு நினைச்சுட்டாங்க, உண்மைல ஈரம் வயரிங் வரைக்கும் போயிருக்கு. கடைசில ஒரு நாள் கீழ் பாத்ரூம் சீலிங் பூச்சு தட்டு தட்டா விழுந்துடுச்சு, மேல பாத்தா கம்பி துருப்பிடிச்சு நிக்குது. கம்பி துருப்பிடிச்சா உப்பும், உப்பினா சுத்தி இருக்கற காங்கிரீட்டைத் தள்ளிடும், அப்புறம் மேல் பூச்சு மட்டும் பூசி மறைக்க முடியாது. சுரண்டி, கம்பி தேய்ச்சு, மருந்து அடிச்சு, மேல டைல்ஸ் பேத்து திரும்ப ஒட்டி, மொத்தம் 38,000. ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா இடுக்குல எபாக்ஸி பசை வச்சு அடைக்கிற வேலை, அவ்வளவுதான். அந்த 38,000-ல எத்தனை டேப் வாங்கலாம்னு கணக்குப் போட்டுட்டுதான் பில்லைப் பத்தி பேசறதை விட்டேன். வாடகைல கழிச்சுக்கலாம்னு சொன்னப்புறம்தான் வாயைத் திறந்து சொல்லவே ஆரம்பிச்சாங்க.

யார் எதுக்குப் பொறுப்புன்னு தகராறு வரும்ல, அதுக்கு 2017-ல போட்டு 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல அட்டவணையே இருக்கு. கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, குழாய் லைன் மாத்தறது, வயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் தலைல. டேப், வாஷர், சுவிட்ச், பிளக், கதவு பூட்டு, டிரெயினேஜ் அடைப்பு இதெல்லாம் குடியிருக்கவங்க. இதைக் காட்டி "டேப் உங்க செலவு"ன்னு தாராளமா சொல்லலாம். நான் சொல்றதில்ல, காரணம் மேல இருக்கு. ஆனா டிரெயினேஜ்ல நாப்கின் அடைச்சா அது அவங்க செலவுதான், அதுல நான் கறார். சில பேர் வாக்குவாதம் முத்தினா மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் போறாங்க, அதெல்லாம் வேணாம், தண்ணி கரண்டை நிறுத்தறது அந்தச் சட்டப்படியே தப்பு.

மூணாவது மேஸ்திரி. ஒரே போன், பிளம்பர் எலக்ட்ரீஷியன் பெயிண்டர் எல்லாரையும் அவரே கூட்டிட்டு வருவார். சொகுசுதான். சிக்கல் என்னன்னா "உடைச்சுப் பாத்தாதான் சார் தெரியும்"னு ஆரம்பிச்சாருன்னா எங்க முடியும்னு அவருக்கே தெரியாது, ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதுன்னு கூப்பிட்டா பாத்ரூமையே மாத்தணும்பார், சாமான் வாங்கறதுலயும் அவருக்கு ஒரு பங்கு நிக்கும். ஆள் குடியிருக்கறப்ப அவரை உள்ள விட்டா பதினஞ்சு நாள் அவங்களுக்கும் நரகம். வீடு காலியா இருக்கறப்ப மட்டும்னா மேஸ்திரிக்கு ஈடே இல்ல, பெயிண்ட் டைல்ஸ் ஜன்னல் எல்லாம் ஒரே வீச்சுல முடிஞ்சிடும். சட்டப்படி அது நம்ம செலவுன்னாலும், பெயிண்டுக்கு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகை பிடிக்கற வழக்கம் சென்னைல இருக்கறதால அந்தச் செலவு பாதியாவது வந்துடும்.

இந்தத் தொல்லையே வேணாம்னு போக்கியத்துக்கு விடறவங்களும் இருக்காங்க. மொத்தப் பணம் கைக்கு வரும், அதை வேற எதுலயாவது போட்டுடுவோம், அப்புறம் மோட்டார் போனா மாச வாடகைன்னு ஒண்ணு இல்லாததால கைக்காசுதான். எனக்கு ஒத்து வரல.

வரி கட்டறவங்களுக்கு ஒண்ணு. ரிப்பேர் பில்லை எல்லாம் ஃபைல்ல சேத்து வைக்கறாங்க, அது வரிக்கு உதவாது. வீட்டு வரி போக மீதி வாடகைல 30% கழிவு செலவு பண்ணாலும் பண்ணாட்டியும் கிடைக்கும். எனக்கு வருஷத்துக்கு 2,64,000 வாடகை, வீட்டு வரி 4,000 போக 2,60,000, அதுல 78,000 கழிவு. சீலிங் விழுந்த வருஷமும் அதேதான், ஒண்ணுமே செய்யாத வருஷமும் அதேதான். நான் அந்த 78,000-ஐதான் வருஷ ரிப்பேர் பட்ஜெட்டா வச்சிருக்கேன்.

இப்ப எங்க வீட்ல நடைமுறை என்னன்னா, 1,500 வரைக்கும் கேக்கவே வேணாம், செஞ்சுட்டு போட்டோவும் பில்லும் அனுப்பிட்டு வாடகைல கழிச்சுக்கலாம், அக்ரிமெண்ட்லயே எழுதிட்டேன். மொட்டை மாடி, வயரிங், டேங்க் மூணும் என் பொறுப்பு, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை தை முடிஞ்சு ஒரு தடவை நானே போறேன். வீடு காலியானா மேஸ்திரி.

நேத்து மாடி வீட்ல இருந்து ஒரு வீடியோ வந்துச்சு, மோட்டார் உர்ருனு சத்தம் போடுது ஆனா தண்ணி ஏறல. கண்டென்சரா இருந்தா 1,500-க்குள்ள முடிஞ்சிடும், காயில் போயிருந்தா சனிக்கிழமை பல்லவன்தான்.