ஏகாம்பரம் வீதி மாடியில் எட்டுச் சனிக்கிழமைகள்: அலுவலகக் கடித வகுப்பு

திருகோணமலையில் ஒரு கட்டடப் பொருள் கம்பனியில் பதினொரு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கடிதம் எழுதுவதும் என் பொறுப்புத்தான். பிழையில்லாத தமிழில் எழுதினால் போதும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

போன வருடம் 400 பை சீமெந்துக்குப் பணம் கட்டி, 360 பைதான் வந்திறங்கியது. வழங்குநருக்கு 19 வரியில் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் நகலோடுதான் வகுப்பில் சேர்ந்தேன்.

ஏகாம்பரம் வீதியில் ஒரு மாடி அறை. எட்டுச் சனிக்கிழமை, பின்னேரம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, 7,500 ரூபாய். விளம்பரம் வேண்டாம் என்று வகுப்பெடுக்கும் சேர் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை எழுதவில்லை. ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர். தமிழும் அரச கரும மொழியான 1987இல் இளம் ஊழியராக இருந்தவர். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பெயர்த்தே நம் அலுவலகத் தமிழ் இறுகிப்போனது என்பது அவருடைய கருத்து. அந்தக் கோபம் வகுப்பு முழுவதும் தெரியும்.

என் கடிதத்தை முதல் நாளே சத்தமாக வாசித்தார். பிறகு கேட்டார்: “பிள்ளை, இதை வாசிக்கிறவர் எந்த வரியில கதிரையை விட்டு எழும்பிக் கோவையைத் தேடப் போறார்?”

14ஆவது வரியில். அங்கேதான் 40 பை குறைந்த கதையே வந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் ‘மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்’ வகை. திருப்பி எழுத வைத்தார். கடிதத்தின் ‘விடயம்’ வரியிலேயே விநியோகத் திகதியும் ‘40 பை சீமெந்து குறைவு’ என்பதும் வந்தன. முதல் வரியில், மீதியை 25ஆம் திகதிக்குள் அனுப்புங்கள், அல்லது பில்லில் கழியுங்கள் என்று கேட்டேன். லொறிச் சாரதி கையெழுத்திட்ட டெலிவரி நோட் இணைப்பாகப் போனது. நான்காம் நாள் தொலைபேசி வந்தது. அடுத்த லொறியில் 40 பையும் வந்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாம் வாரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார். தகவலைத் தருவதா மறுப்பதா என்று விண்ணப்பம் கிடைத்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ‘வீதி வேலை பற்றிய விபரம்’ என்று கேட்டால் அவர் எதைத் தேடுவார்? எந்த வீதி, எந்த ஆண்டு, ஒப்பந்தத் தொகையா, வேலை முடியும் திகதியா? கின்னியாவில் இருந்து வந்த ஒரு அக்கா ஆறு தடவை திருத்தினார். ஆறாவதில் அவருடைய கேள்வி இரண்டே வரிதான். ‘தாமதம் ஏற்பட்டுள்ளது’ என்ற சொற்றொடருக்கும் அன்றைக்குத்தான் தடை விழுந்தது. யார் தாமதித்தது என்று எழுதாமல் விட்டால் சேர் அடுத்த பந்திக்குப் போகவே விடமாட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். ஆங்கில மின்னஞ்சலுக்கு இரண்டு வகுப்புத்தான். நிலாவெளி ஹோட்டல்களில் இருந்து வந்த இரண்டு தம்பிமாருக்கு அது காணாது. அவர்களுக்கு நாள் முழுக்க அதுதானே வேலை. கணினிப் பக்கமும் பலவீனம். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அது இல்லாத தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும், யுனிகோடில் அடியுங்கள் என்றார். சரி, ஆனால் எப்படி மாற்றுவது என்று காட்டவில்லை. அதை நான் அலுவலகத் தம்பி ஒருவரிடம்தான் பழகினேன். பதினொரு பேர் இருந்ததால் கடைசி மூன்று வாரம் எல்லோருடைய கடிதத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை. நகல்களும் மங்கல்.

ஆனாலும் கொடுத்த காசு வீண் போகவில்லை. அரச அலுவலகத்திலோ கம்பனியிலோ தமிழில் கடிதம் எழுதுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். ஆங்கிலம் மட்டும் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். போகும்போது, பதில் வராமல் போன உங்கள் சொந்தக் கடிதங்கள் மூன்றின் நகலை, பெயரையும் தொகையையும் மறைத்து எடுத்துப் போங்கள். முதல் வகுப்பிலேயே கேட்பார்.