கேஸ் கிரில்லுக்கு மறுபடியும் பர்னர் மாற்றியாச்சு

இறைச்சி சுடும் கிரில் அடுப்பை கேஸில் வாங்கலாமா, கரியில் வாங்கலாமா என்று நண்பர் கேட்ட நேரம் சரியில்லை. என் கேஸ் கிரில்லின் பர்னர் குழாய்களை அப்போதுதான் மாற்றி முடித்திருந்தேன். நகக்கண்ணெல்லாம் துரு. வீட்டில் இரண்டுமே இருக்கின்றன, இரண்டிலும் வருஷக்கணக்கில் சுட்டாயிற்று. அளவு, எடை எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

கேஸின் நல்லதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். குமிழைத் திருப்பி மூடியைப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சுட ஆரம்பிக்கலாம். கரியில் கங்கின் மேல் சாம்பல் பூக்கவே அரை மணி ஆகிவிடும். ஒரு பக்க பர்னரை மட்டும் எரியவிட்டு, அணைந்த பக்கத்தில் கோழித் தொடையை வைத்து மூடினால் தோல் கருகாமல் எலும்பு வரை வேகும். கரியிலும் கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி இதைச் செய்யலாம், ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கரியில்தான் மணம் என்பதில் பாதிதான் உண்மை. அந்தச் சுட்ட வாசனையில் பெரும்பங்கு, கொழுப்பு சூட்டில் சொட்டிப் புகையாகித் திரும்ப ஒட்டுவதால் வருவது. கேஸிலும் சொட்டத்தான் செய்கிறது. கரி என்பது, மரத்தின் புகைச்சத்து பெரும்பாலும் முன்பே வெளியேறிவிட்ட சரக்கு. விறகுத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அது வேறு கதை. கரியின் நிஜமான பலம் கங்கின் அனல். இறைச்சியின் மேல்புறம் சட்டென்று மொறுமொறுவென்று ஆவது அதில்தான். கேஸ் எரியும்போதோ நீராவியும் சேர்ந்தே வரும், மேல்புறம் அவ்வளவு சட்டென்று காயாது.

இனி பர்னர். மேலே தகடு மூடியிருந்தும் உப்பும் கொழுப்பும் எப்படியோ உள்ளே இறங்கிவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்துத் துளைகளைத் துரு அரித்து ஒன்றாக்கிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக நீளத் தீ, குழாயின் மறுமுனையில் பெயருக்கு ஒரு நீலப் பொட்டு. ஒரே கம்பியில் வைத்த இரண்டு துண்டில் ஒன்று கருகல், இன்னொன்று பச்சை! சரிபார்க்க வந்தவரோ, “பர்னர் மாத்துற பாகம்தான் சார்” என்று சாதாரணமாகச் சொல்கிறார். வாங்கும்போது யாரும் அப்படிச் சொல்லவில்லையே. போதாக்குறைக்கு, கொஞ்ச நாள் சும்மா கிடந்தால் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டிவிடும். காற்று கலக்கும் இடமே அதுதான் என்பதால், அடைத்தால் தீ தப்பான இடத்தில் எரியும். பற்றவைக்கும் பொத்தான் எப்போதோ செத்துவிட்டது, லைட்டர்தான். சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்தால் என் ரெகுலேட்டர் கசிவு என்று எண்ணி வாயுவைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறந்து சமாதானப்படுத்த வேண்டும். பாகம் மாற்றினால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கரி அடுப்பில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? கீழே ஒரு காற்றுத் துவாரம், மேலே ஒன்று. திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும். தொல்லை சாம்பல்தான். அடியில் ஈரத்தோடு விட்டால் இரும்பைத் தின்னும். மறுநாளும் உள்ளே கங்கு இருக்கலாம், அதனால் மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்டுகிறேன். தீ அடங்கிவிட்டதே என்று வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகக் கூடாது. கங்கு கிடக்கிற வரை கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

கணக்குப் போட்டால் கேஸ்தான் ஜெயிக்கிறது. வார நாளில் நான் தொடுவதும் அதைத்தான். இருந்தும் நண்பரிடம் கரியே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, கேஸ்தான் வேண்டும் என்று நின்றால், மூடியின் பளபளப்பைப் பார்க்காமல் கம்பியைத் தூக்கி பர்னரைப் பாருங்கள். தடித்த எவர்சில்வரா, தனியாகக் கிடைக்குமா, எத்தனை திருகு கழற்ற வேண்டும் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.