அப்வொர்க்கா, ஏஜென்சியா, நேரடி கிளையண்ட்டா? பெங்களூர்ல எழுதிப் பொழைக்கிறவங்களுக்கு ஒரு அலசல்

ஃப்ரீலான்ஸா எழுதப்போறேன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்கறது "வார்த்தைக்கு எவ்ளோ தருவாங்க"ன்னு தான். அத மட்டும் வச்சு முடிவு எடுத்தா ஏமாந்துருவோம். அந்தக் காசு எப்ப அக்கவுண்ட்டுக்கு வருது, அது வர்றதுக்குள்ள கூலியே இல்லாம எவ்ளோ நேரம் ஒழைக்கணும், இந்த ரெண்டும் தான் முக்கியம்னு நான் நெனைக்கறேன், ஏன்னா இது பத்து மாச வாடகைய அட்வான்ஸா கேட்டு பழகின ஊரு (இப்ப பல எடத்துல கொறஞ்சிருக்கு, இருந்தாலும்), வீட்டு ஓனரு "யாவ கம்பெனி" (எந்த கம்பெனி)ன்னு கேக்கும்போது காட்ட சாலரி ஸ்லிப்பும் நம்மகிட்ட கெடையாது.

இங்க தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு பெரும்பாலும் மூணு வழி. அப்வொர்க், ஃபைவர் மாதிரி பிளாட்ஃபார்ம். டிரான்ஸ்லேஷன், கன்டென்ட் ஏஜென்சி. இல்லன்னா நேரா கம்பெனிகிட்டயே போறது.

பிளாட்ஃபார்ம்ல இருந்து ஆரம்பிப்போம். ஃபைவர்ல விக்கறவங்க சம்பாத்தியத்துல 20% அவங்களுக்கு. அப்வொர்க்ல முன்னாடி 20, 10, 5ன்னு படிப்படியா கொறையற மாதிரி வச்சிருந்தாங்க, 2023ல எல்லாருக்கும் 10%ன்னு ஆக்குனாங்க, 2025 மே மாசத்துல இருந்து புது கான்ட்ராக்ட்டுக்கு 0ல இருந்து 15% வரைக்கும் வேலையப் பொறுத்து மாறும். இதுக்கு மேல அப்வொர்க்ல புரபோசல் அனுப்பவே கனெக்ட்ஸ்ங்கற டோக்கன் வாங்கணும், ஒண்ணு 15 சென்ட், ஒரு வேலைக்கு அப்ளை பண்ண பல கனெக்ட்ஸ் போயிரும், பதில் வரலன்னாலும் அது போனது போனது தான். அப்புறம் டாலர ரூபாயா மாத்தறப்ப ஒரு வெட்டு. ஆனா ஒரு விஷயத்துல இத அடிச்சுக்க ஆளில்ல: ஃபிக்ஸ்டு பிரைஸ் வேலைன்னா கிளையண்ட் மொதல்லயே எஸ்க்ரோல (வேலை முடியற வரைக்கும் பிளாட்ஃபார்ம் பொறுப்புல இருக்கற கணக்கு) பணத்தப் போட்டு வைக்கணும், நாம வேலைய சப்மிட் பண்ணி 14 நாள் வரைக்கும் அவரு வாயே தெறக்கலன்னாலும் பணம் தானா ரிலீஸ் ஆயிரும். இந்த நிம்மதி மத்த ரெண்டுலயும் கெடைக்காது. இங்கிலீஷ்ல எழுதறவங்க, அதுலயும் சாஸ் (SaaS, ஆன்லைன்ல சந்தா கட்டி யூஸ் பண்ற சாஃப்ட்வேர்), ஹெல்த்னு ஒரு ஏரியாவ நல்லா தெரிஞ்சவங்க, வெளிநாட்டு கிளையண்ட்ட புடிக்க தாராளமா போகலாம். தமிழ்ல மட்டும் எழுதறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், அங்க வர்ற தமிழ் வேலைக்கு கூட்டம் அதிகம், ரேட்டும் அடிமட்டத்துக்கு போயிரும்.

அடுத்து ஏஜென்சி. நீங்க யாரையும் தேடிப் போக வேணாம், ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணி லிஸ்ட்ல சேந்துட்டா மெயில் வந்துட்டே இருக்கும், அது பெரிய வசதி தான். ஆனா ரேட்டுக்குள்ள நெறைய உள்குத்து இருக்கு, அத தெரிஞ்சுட்டு உள்ள போகணும். மொத கேள்வி, இங்கிலீஷ் வார்த்தைய எண்ணி காசு தருவாங்களா, தமிழ் வார்த்தைய எண்ணியா? தமிழ்ல வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கறதால அதே விஷயம் இங்கிலீஷ விட கம்மி வார்த்தைல முடிஞ்சிரும், அப்ப தமிழ எண்ணுனா நமக்கு நஷ்டம். ரேட்டு ஒண்ணா இருந்தா சோர்ஸ் கவுண்ட், அதாவது மூலத்துல இருக்கற இங்கிலீஷ் வார்த்தைக் கணக்கு தான்னு ஒத்தக்கால்ல நில்லுங்க. ரெண்டாவது, கேட் டூல்ல (CAT, பழைய மொழிபெயர்ப்ப ஞாபகம் வச்சு எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேர்) போட்டு "ரிபீட்டிஷன், ஃபஸி மேட்ச்"னு பிரிச்சு, ஏற்கனவே அப்படியேவோ கிட்டத்தட்டவோ வந்த வாக்கியத்துக்கு பாதியோ கால்வாசியோ தான் தருவாங்க, சில எடத்துல சுத்தமா கெடையாது. இதயாச்சும் ஒத்துக்கலாம். இப்ப புதுசா மெஷின் டிரான்ஸ்லேஷன் பண்ணத கையில குடுத்து "சும்மா எடிட் பண்ணிக் குடுங்க"ன்னு கொறஞ்ச ரேட்டுக்கு கேக்கறாங்க பாருங்க, அது தான் கடுப்பு. ஒரு பேங்க் ஆப்போட எரர் மெசேஜ் தமிழ்ல தப்பா வந்திருந்தா அத படிச்சு புரிஞ்சு கலைச்சுட்டு திரும்ப எழுதறதுக்கு புதுசாவே எழுதிடலாம், நேரமும் மிச்சம், தலவலியும் இல்ல. வார்த்தைக் கணக்கு வேணாம், மணிக்கு இவ்ளோன்னு கேளுங்க. சில பேர் ஒத்துக்கவும் செய்றாங்க.

பேமென்ட் பாத்தீங்கன்னா இன்வாய்ஸ் போட்டு 45 நாள், 60 நாள்னு எழுதி வச்சிருப்பாங்க, "எண்ட் கிளையண்ட் இன்னும் தரல மேடம்"ங்கற பதில் எனக்கும் வந்திருக்கு. அவங்க கிளையண்ட் தரலன்னா அது அவங்க பாடு.

நேரடி கிளையண்ட்னு வந்தா இந்த ஊரு மாதிரி வசதி வேற எங்கயும் இருக்காதுன்னு நெனைக்கறேன். கோரமங்களா, ஹெச்எஸ்ஆர், அவுட்டர் ரிங் ரோட்னு போனா தமிழ்நாட்டுல யூசர் வேணும்னு அலையற ஆப் கம்பெனி எவ்ளோ இருக்கு, அவங்ககிட்ட தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு டீம்ல ஒருத்தர் கூட இல்லாம இருக்கும். கதை படிக்கற ஆப்பான பிரதிலிபி மாதிரி இந்திய மொழிகள்லயே தொழில் பண்றவங்களோட ஆபீஸும் இங்க தான். ஒரு நோட்டிஃபிகேஷன் தமிழ்ல எவ்ளோ கேவலமா இருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பக்கத்துலயே நல்லா எழுதிக் காட்டி, ப்ராடக்ட் டீம்ல இருக்கறவங்களுக்கு அனுப்புங்க, பத்து பக்க போர்ட்ஃபோலியோ பண்ணாத வேலைய அது பண்ணும். இங்க வார்த்தைக்கு ரேட் பேசாதீங்க, பட்டன்ல வர்ற மூணு வார்த்தைக்கு தான் ஒரு நாள் பூரா மண்டைய ஒடைக்கணும், அதனால ப்ராஜெக்ட்டுக்கு இவ்ளோ, இல்ல மாசத்துக்கு இவ்ளோன்னு ரிட்டெய்னர். எத்தன ரிவிஷன்னும் எழுதிருங்க.

கூலி இல்லாத நேரம் ஜாஸ்தி போறதும் இதுல தான், அத மறைக்க வேணாம். மீட்டிங், சில்க் போர்ட் டிராஃபிக், வெண்டர் ஃபார்ம், உங்கள கூப்ட்டு வந்த மேனேஜர் திடீர்னு வேற கம்பெனிக்கு போறது, எல்லாமே உண்டு. டிடிஎஸ் (பணம் தர்றப்பவே புடிச்சுக்கற வருமான வரி) வேற. ஒரு நிதியாண்டுல ஒரே கம்பெனி 50,000 ரூபாய்க்கு மேல ப்ரொஃபஷனல் ஃபீஸ் குடுத்தா 10% புடிச்சுட்டு தான் தருவாங்க (2025 ஏப்ரலுக்கு முன்னாடி இந்த வரம்பு 30,000). அது காணாம போற காசு இல்ல, ரிட்டர்ன் ஃபைல் பண்றப்ப கணக்குல வந்துரும், ஆனா மாச பட்ஜெட் போடறப்ப அந்தப் பத்த கழிச்சுட்டு தான் போடணும்.

லேட் பேமென்ட்டுக்கு ஒரு ஆயுதம் இருக்கு, நெறைய எழுத்தாளருங்களுக்கு தெரியறதில்ல. உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது நம்மள ஒரு சின்ன நிறுவனமா அரசாங்கத்துகிட்ட பதிஞ்சுக்கறது. இலவசம், ஆதாரும் பானும் போதும், ஆன்லைன்லயே முடிஞ்சிரும், காசு கேக்கற ஏஜென்ட் சைட்டுக்குள்ள மட்டும் போயிறாதீங்க. 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், எதுவுமே எழுதலன்னா 15 நாள், அதுக்குள்ள தரலன்னா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. அப்ப ஏஜென்சி எழுதற 60 நாள் செல்லாது. அத விட கம்பெனிக்காரங்க பயப்படறது வருமான வரிக்கு தான், 2024 ஏப்ரல்ல இருந்து இந்த கெடுவுக்குள்ள சின்ன நிறுவனங்களுக்கு பணம் தரலன்னா அந்தச் செலவ அவங்க அந்த வருஷக் கணக்குல கழிக்க முடியாது, குடுத்த வருஷத்துல தான் கழிக்கலாம். இன்வாய்ஸ்ல உத்யம் நம்பர போடுங்க, மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ் டீமே ஃபோன் பண்ணும். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும், சண்டை வந்தப்புறம் ஓடுறதுல பிரயோஜனம் இல்ல. வெளிநாட்டு பிளாட்ஃபார்ம் கிளையண்ட்கிட்ட இது எதுவும் எடுபடாது, அங்க எஸ்க்ரோ தான் சாமி.

உரிமை விஷயத்துலயும் மூணும் வேற வேற. 1957 காப்பிரைட் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பாக்காம வெளிய இருந்து எழுதித் தர்றவங்க தான் அந்த எழுத்தோட மொத ஓனர், எழுத்துல கையெழுத்து போட்டு மாத்திக் குடுத்தா தான் அது அடுத்தவங்களுக்கு போகும். பிளாட்ஃபார்ம்ல பணம் கட்டினதும் உரிமை கிளையண்ட்டுக்குன்னு விதிமுறைலயே வந்துரும், ஏஜென்சி மொத நாளே கையெழுத்து வாங்கிரும், வேலைய வெளிய காட்டவும் விடாது. பேசி மாத்தக்கூடியது நேரடி கிளையண்ட்கிட்ட மட்டும் தான்: "உரிமைய எடுத்துக்கோங்க, பேமென்ட் வந்தப்புறம் எடுத்துக்கோங்க, போர்ட்ஃபோலியோல காட்ட விடுங்க"ன்னு ரெண்டு வரி சேக்கச் சொல்லுங்க.

என் ஓட்டு நேரடிக்கு தான். ஆனா மொத வருஷம் வாடகைக்கு ஒரு ஏஜென்சிய வச்சுக்கோங்க, ரெண்டு ரிட்டெய்னர் நின்னதும் எடிட் வேலைய மொதல்ல வெட்டுங்க. ஒரே கம்பெனி பாதிக்கு மேல சம்பாத்தியம் குடுத்தா அது ஃப்ரீலான்ஸ் இல்ல, பிஎஃப் இல்லாத வேலை. ஜிஎஸ்டிய நெனச்சு பயப்படறவங்களுக்கு: வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டற வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ண வேணாம், இங்க இருந்து சென்னை கம்பெனிக்கு எழுதுனாலும் அதே வரம்பு தான், ஆனா டாலர்ல வர்றதும் அந்த 20 லட்சக் கணக்குல சேரும்ங்கறத மறந்துறாதீங்க.