‘அது உங்களுக்கு வேண்டாம் சார்’ என்றவரை நம்பி 14 மாதச் சேமிப்பைத் தொலைத்தேன்

வீட்டுப் பட்டறைக்குச் சின்ன லேத்தோ (உலோகத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) மில்லிங் மெஷினோ (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். போனது 14 மாதச் சேமிப்பு.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிறு இயந்திரங்களை இறக்குமதி செய்து இணையத்தில் விற்கும் கடை. படங்களில் எல்லாமே பளபளக்கும்.

நான் தேடியது இரண்டு தனி இயந்திரங்கள்: 180 மி.மீ. ஸ்விங் (சுழலவிடக்கூடிய அதிகபட்ச விட்டம்) உள்ள மேசை லேத் ஒன்று, சின்ன மில்லிங் மெஷின் ஒன்று. சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் விலை பேசவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மாதிரி நீராவி எஞ்சின் என்றேன். “சிலிண்டர் பித்தளையா, வார்ப்பிரும்பா? ஃப்ளைவீல் எத்தனை மில்லிமீட்டர்?” என்றார். இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைக்கமாட்டானா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! பெரிய லேத் ஒன்றைப் பற்றி விசாரித்ததும் அவரே தடுத்தார். “அது உங்களுக்கு வேண்டாம் சார். வீண் செலவு.”

விழுந்தது அங்கேதான். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்பவன் பொய் சொல்வானா? அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு. லேத்தின் முதுகிலேயே மில்லிங் தலை பொருத்திய இயந்திரம் இருக்கிறது, இடமும் மிச்சம், கருவி வாங்கப் பணமும் மிச்சம் என்றார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துச் சோதனைச் சான்றிதழோடுதான் அனுப்புவோம் என்றார். அன்று இரவே முழுத் தொகையையும் கட்டினேன். 14 மாதச் சேமிப்பு, ஒரே தடவையில்.

மரப்பெட்டி வந்த அன்று மைத்துனரும் நானும் இறக்கினோம். நினைத்த அளவுக்குக் கனமாக இல்லையே என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள். விளம்பரத்தில் போட்டிருந்த எடை பெட்டியையும் சேர்த்து என்பது பின்னால்தான் தெரிந்தது. லேத்துக்கு எடைதான் உயிர். எடை குறைந்தால் வெட்டும்போது நடுங்கும். அது தெரிந்திருந்தும் அன்றைக்கு மகிழ்ச்சியில் பெட்டிப் பலகைகளை அறுத்து, கருவிகள் வைக்க ஓர் அலமாரியே செய்துவிட்டேன்.

சான்றிதழ் இருந்தது. ஒளிநகல். வரிசை எண்ணுக்கான கட்டம் காலி. ஸ்பிண்டில் ஓட்டம், அதாவது சுழலும் அச்சுத்தண்டு மையம் விலகித் தள்ளாடும் அளவு, 0.01 மி.மீ. என்று அச்சடித்திருந்தார்கள். பொருளைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் 0.05, 0.08 ஓடுவது சகஜம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆகவே சக்கைக் கழற்றிவிட்டு, துணியால் துடைத்து, ஸ்பிண்டிலின் உள்கூம்பிலேயே நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினேன். முள் போய்க்கொண்டே இருந்தது. 0.11. மறுபடியும் துடைத்துச் சுற்றினேன். அதே 0.11. வெட்டும் கருவியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைக் கழற்றினால், அதன் தளர்வைச் சரிசெய்யும் கிப் பட்டைக்கு அடியில் பெயின்ட் கட்டி நிற்கிறது. கிரீஸை விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெறுநெறுவென்று வார்ப்பு மணல். இதை யார் ஓட்டிப் பார்த்தார்கள்?

மில்லிங் பக்கம் அதைவிட மோசம். மேசையில் கேஜை நிறுத்தி, அதன் முனையைத் தலையில் வைத்து, உள்ளங்கையால் தலையைத் தள்ளினேன். 0.3 மி.மீ. சாய்ந்தது. கைக்கே இப்படி என்றால் கட்டருக்கு? மூன்றாம் நாள் எஃகில் அரை மில்லிமீட்டர் ஆழம்தான் எடுத்தேன். டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, கட்டர் நிற்கிறது. மூடியைத் திறந்தால் கியரின் நான்கு பற்கள் அடியில் கிடக்கின்றன, வெள்ளை வெள்ளையாக. பிளாஸ்டிக். சின்ன இயந்திரத்தில் பிளாஸ்டிக் கியர் வைப்பது குற்றமல்ல. கட்டர் சிக்கினால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். ‘முழுக்க உலோகக் கியர்’ என்று விளம்பரத்தில் எழுதியதுதான் குற்றம்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் அழைத்தபோது “ஓட ஓடப் படிந்துவிடும் சார்” என்றார்கள். ஸ்பிண்டில் என்ன, புதுச் செருப்பா? அடுத்து வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். கோப்பு பெரிது, சுருக்கி அனுப்புங்கள் என்றார்கள். சுருக்கினால் முள் தெரியவில்லை என்றார்கள். அப்புறம் என் மேசை சமமாக இல்லையாம். தன்னைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்குக்குள் ஸ்பிண்டில் தள்ளாடுவதற்கு மேசை என்ன செய்யும்? கியர் தேய்மானப் பொருளாம், உத்தரவாதத்தில் வராதாம். சரி, காசுக்கே கொடுங்கள் என்றேன். இருப்பில் இல்லையாம். என்னோடு அவ்வளவு அக்கறையாகப் பேசியவரைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் “அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்” என்கிறார்கள். நேற்று என் புகார் எண்ணைப் பார்த்தேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடியிருக்கிறார்கள். யாருக்குத் தீர்ந்தது? எனக்குத் தீர்ந்தது 14 மாதச் சேமிப்பு.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கை நடுங்குகிறது, ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். லேத்தும் மில்லும் ஒன்றாக இருப்பதை வாங்காதீர்கள். பணம் போதாவிட்டால் லேத்தை மட்டும் வாங்கிவிட்டு மில்லுக்குக் காத்திருங்கள். பெட்டி இல்லாத எடையை எழுத்தில் கேளுங்கள். 300 மி.மீ. நீளம் என்று போட்டிருந்தால், அது பொருளை இருபுறமும் தாங்கும் இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவே உள்ள அளவு. சக்கையும் மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கையும் மாட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஸ்விங்கும் அப்படியே, கிராஸ் ஸ்லைடுக்கு மேல் எவ்வளவு என்று கேளுங்கள். இயந்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கியரும் கண்ட்ரோல் போர்டும் விலைக்குக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள், டயல் கேஜோடு போங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை முதல் ஆணியிலிருந்து படம் எடுங்கள்.

பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இன்று காலை கடைசியாக ஒரு பதில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் அனுப்பும் செலவு என்னுடையது, அசல் மரப்பெட்டியிலேயே வர வேண்டும். அலமாரியில் இருந்த டிரில்களையும் டேப்களையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பலகைகளின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பலகைகள் குறைகின்றன.