சாவி என்னிடமே இருக்கிறது, பணம்தான் இல்லை

கிரிப்டோ வாலட் வைத்திருக்கிறீர்களா? அதிலிருந்து டோக்கன் என்ற டிஜிட்டல் காசை எடுத்துக்கொள்ள எந்தெந்தக் கான்ட்ராக்டுக்கு (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலுக்கு) அனுமதி கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பெரும்பாலானவர்கள் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே பலருக்குத் தெரியாது. என் பணம் போனது அந்த வழியாகத்தான்.

எவ்வளவு போனது என்று இங்கே சொல்லப் போவதில்லை. வெட்கத்தால் அல்ல. தொகையைச் சொன்னால், "மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு கூட்டம் மோப்பம் பிடித்து வந்துவிடும். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற நாணயத்தின் மதிப்பை ஒட்டியே இருக்கும் டோக்கன்) போட்டு வைத்தால் வட்டி தரும் ஒரு டீஃபை சேவையை, அதாவது வங்கி இல்லாமல் கான்ட்ராக்டுகளே நடத்தும் நிதிச் சேவையை, வெகுநாளாகப் பயன்படுத்தி வந்தேன். நாலு பேருக்குத் தெரிந்த சேவை. தணிக்கை செய்யப்பட்ட கான்ட்ராக்டுகள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர லிங்க்குகளில் போலித் தளங்கள் இருக்கும் என்பதால், புக்மார்க் வழியாக மட்டுமே அந்தத் தளத்துக்குப் போவேன். வாலட்டை மீட்டெடுக்க உதவும் ரகசியச் சொற்றொடரான சீட் ஃபிரேஸின் 24 சொற்களும் காகிதத்தில் இருந்தன. போட்டோ எடுத்ததில்லை, எங்கும் தட்டச்சு செய்ததும் இல்லை. கையெழுத்திடும் ரகசியச் சாவியைத் தனிக் கருவிக்குள் வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் வேறு. பாதுகாப்புக் குறிப்பு என்று எங்கே தேடினாலும் வருகிற அத்தனையும் செய்தாகிவிட்டது.

ஒரு நாள் வழக்கம்போல் டெபாசிட் பட்டனை அழுத்தினேன். அப்ரூவல், அதாவது மேலே சொன்ன அனுமதி, கேட்டது. எப்போதும் கேட்பதுதான், கொடுத்தேன். அடுத்த படியில் "பரிவர்த்தனை தோல்வி" என்று வந்தது. சர்வர் கோளாறாக இருக்கும் என்று மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். மாலையில் திறந்தால் வாலட்டில் இருந்த ஸ்டேபிள்காயின் முழுதும் காலி. டெபாசிட் செய்ய நினைத்த தொகை மட்டும் அல்ல, மொத்தமும்.

பிளாக்செயினின் பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் எக்ஸ்புளோரர் தளத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் வாலட்டிலிருந்து நான் டோக்கன் அனுப்பியதாக எதுவும் இல்லை. ஈத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈத்தர் அப்படியே இருந்தது. முன்பின் தெரியாத ஒரு முகவரி, டோக்கன் கான்ட்ராக்டில் "டிரான்ஸ்ஃபர் ஃப்ரம்" என்ற கட்டளையை இயக்கியிருந்தது. அனுப்புபவர் என்ற இடத்தில் என் முகவரி, பெறுபவர் என்ற இடத்தில் இன்னொன்று. கட்டணத்தைக்கூட திருடனே கட்டியிருந்தான். என் சாவியை யாரும் தொடவில்லை, தொட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஈத்தீரியத்திலும் அதன் வழியில் வந்த மற்ற செயின்களிலும் டோக்கன்கள் இயங்கும் முறை இது. ஒரு தளத்தில் "அப்ரூவ்" கொடுக்கும்போது பணம் எங்கும் போவதில்லை. "இந்தக் கான்ட்ராக்ட் என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று அந்த டோக்கனின் கான்ட்ராக்டில் ஒரு பதிவு விழுகிறது, அவ்வளவுதான். பொதுவாக அந்தப் பதிவுக்குக் காலாவதி கிடையாது. "இவ்வளவு வரை" என்ற இடத்தில் பல தளங்கள் தாங்களாகவே போட்டு வைப்பது வரம்பில்லாத தொகை. அந்த எண்ணை முழுதாக எழுதினால் 78 இலக்கம் வரும். தொகையும் தேதியும் எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலத்தான். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டால் ஒவ்வொரு முறையும் கட்டணம் செலவாகும், பயனர் சலித்துக்கொள்வார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஈத்தர் தப்பித்ததற்கும் இதுதான் விளக்கம்: அது செயினின் சொந்த நாணயம், அதற்கு அப்ரூவ் என்ற ஏற்பாடே இல்லை.

இதைவிட மோசமானது "பெர்மிட்" என்ற வகை. இதில் நீங்கள் கையெழுத்திடும்போது செயினில் எதுவும் பதிவாகாது. கட்டணமும் இல்லை. வெறும் கையெழுத்து மட்டும் கேட்கும், பார்ப்பதற்குத் தளத்தில் லாகின் செய்வது போலவே இருக்கும். அந்தக் கையெழுத்தை வாங்கியவர் தனக்கு வசதியான நேரத்தில் செயினில் சமர்ப்பித்து, அதே நொடியில் டோக்கனையும் எடுத்துவிடலாம். அவர் சமர்ப்பிக்கும்வரை உங்கள் அப்ரூவல் பட்டியலில் அது தெரியவும் தெரியாது. கட்டணம் கேட்காத கையெழுத்தில் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தெரிந்த தளத்தில், புக்மார்க் வழியாகப் போயும் எப்படி? தளத்தின் டொமைன் பதிவை யாரோ மாற்றியிருந்தார்கள். முகவரிப் பட்டையில் அதே பெயர், அதே வடிவமைப்பு, பின்னால் இருந்த சர்வர் மட்டும் வேறு. அப்ரூவ் பட்டன் காட்டிய கான்ட்ராக்ட் முகவரியும் வேறு. 2022 ஆகஸ்டில் கர்வ் ஃபைனான்ஸ் என்ற டீஃபை தளத்துக்கு நேர்ந்தது இதே வகைத் தாக்குதல்தான். அதற்கு முந்தைய டிசம்பரில் பேட்ஜர் டிஏஓ என்ற இன்னொரு டீஃபை தளத்துக்குள் யாரோ நிரல் துண்டு ஒன்றைச் செருகி, சத்தமில்லாமல் பயனர்களின் அனுமதிகளைச் சேர்த்துக்கொண்டு, பிறகு மொத்தமாக சுமார் 12 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்களை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் கான்ட்ராக்டில் ஓட்டை இல்லை. ஏமாற்றியது இணையப் பக்கம்.

ஹார்டுவேர் வாலட் காப்பாற்றியிருக்க வேண்டாமா என்றால், அது சாவியைக் காப்பாற்றும், அவ்வளவுதான். அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது ஒரு நீண்ட முகவரி, வரம்பற்ற தொகை என்ற குறிப்பு, அப்புறம் சம்மதம் கேட்கும் பட்டன். வழக்கமாகத் தெரிவதும் அதேதான். அந்த முகவரி சரியானதா என்று தெரிய வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நம்பகமான இடம் வேண்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோவை வாங்கி விற்கும் நிறுவனத்திலிருந்து) சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் திருடுபோனபோதும் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான். வட கொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்த திருட்டு அது. திரையில் வழக்கமான பரிவர்த்தனை தெரிந்தது, கையெழுத்தானதோ வேறொன்று. இதே தொழிலில் இருப்பவர்களுக்கே அந்த நிலைமை என்றால் மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம்.

இனி அந்தச் சேவை நடந்துகொண்ட விதம். திருடனைவிட இவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். அவர்களுடைய அரட்டைக் குழுவில் ஒரு பயனர், "அப்ரூவல் முகவரி புதிதாக இருக்கிறதே" என்று எனக்கு முன்பே கேட்டிருந்தார். "தேவையில்லாமல் பீதி கிளப்பாதீர்கள்" என்று பதில் சொல்லி அந்தச் செய்தியையே நீக்கிவிட்டார்கள். அடுத்த சில மணி நேரத்துக்குத் தளத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்ற ஒரு வரிகூட வரவில்லை. கடைசியில் வந்த அறிக்கை: "எங்கள் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகள் பாதுகாப்பாக உள்ளன. பயனர்களின் நிதிக்குப் பாதிப்பில்லை." கான்ட்ராக்டுக்குள் இருந்த நிதிக்குப் பாதிப்பில்லை, உண்மைதான். அவர்களுடைய தளத்தை நம்பி பட்டனை அழுத்தியவர்களின் வாலட்டில் இருந்த நிதி அவர்கள் கணக்கில் பயனர்களின் நிதியே இல்லை போலிருக்கிறது. இழப்பீட்டுப் படிவம் ஒன்று வந்தது, நிரப்பினேன். டொமைன் நிறுவனத்தின் தவறுக்குத் தாங்கள் பொறுப்பல்ல, பயன்பாட்டு விதிகளைப் படித்துப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

அந்தக் குழுவில் என் பிரச்சினையை எழுதிய சில நிமிடங்களிலேயே தனிச்செய்திகள் வரத் தொடங்கின. அட்மினின் அதே பெயர், அதே படம். மிகவும் பணிவான பேச்சு. "உங்கள் வாலட்டை மீண்டும் ஒத்திசைக்க வேண்டும்" என்று ஒரு லிங்க். திறந்தால் பிரபலமான வாலட்டுகளின் லோகோக்கள் வரிசையாக, அதில் ஒன்றை அழுத்தினால் சொற்களை நிரப்பச் சொல்லிக் காலிப் பெட்டிகள். அந்தச் சொற்கள் போனால் அந்த வாலட்டில் இருப்பது எல்லாமே போகும், இனி வரப்போவதும் போகும். உண்மையான அட்மின் தானாக முதலில் தனிச்செய்தி அனுப்ப மாட்டார். எந்த வாலட் நிறுவனமும் சீட் ஃபிரேஸைக் கேட்காது. பொதுக் குழுவில் உதவி கேட்பதே, இங்கே ஒருவர் பதற்றத்தில் இருக்கிறார் என்று விளம்பரம் கொடுப்பது மாதிரி ஆகிவிடுகிறது.

அதன்பின் "மீட்பு நிபுணர்கள்". இவர்களின் முறை வேறு. சீட் ஃபிரேஸ் எல்லாம் கேட்க மாட்டார்கள். திருடனின் முகவரியைத் தடமறிந்துவிட்டதாக வரைபடம் அனுப்புவார்கள். அது யார் வேண்டுமானாலும் எக்ஸ்புளோரரில் பார்க்கக்கூடிய தகவல்தான். பிறகு உங்கள் பணம் மீட்கப்பட்டுத் தயாராக இருப்பதாக ஒரு தளத்தில் எண்ணைக் காட்டுவார்கள். விடுவிக்க முதலில் வரி, பிறகு கட்டணம், பிறகு சரிபார்ப்பு வைப்புத்தொகை. என்னிடம் வந்த ஒருவர் அரசு முத்திரை பதித்த அடையாள அட்டைகூட அனுப்பினார். உறுதியான பரிவர்த்தனையைத் திருப்பிவிடும் மென்பொருள் எதுவும் கிடையாது.

மிச்சத்தைப் புது வாலட்டுக்கு மாற்றியபோது இன்னொரு வேடிக்கை. மாற்றிய சற்று நேரத்தில் என் பரிவர்த்தனை வரலாற்றில் 0 டோக்கன் அனுப்பியதாக ஒரு வரி முளைத்தது. பெறுபவரின் முகவரி என் புது வாலட் முகவரி மாதிரியே இருந்தது: முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் அதே, நடுவில் எல்லாம் வேறு. வாலட் செயலிகள் நடுப்பகுதியைப் புள்ளி வைத்து மறைத்துவிடுவதால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 0 டோக்கனை நகர்த்த யார் அனுமதியும் தேவையில்லை என்பதால் இப்படிப் போலி வரியை யாருடைய வரலாற்றிலும் செருகலாம். அடுத்த முறை அங்கிருந்து முகவரியை நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது கதை. 2024 மே மாதம் ஒருவர் இந்த வலையில் விழுந்து 1,155 ராப்டு பிட்காயின்களை (பிட்காயினுக்கு இணையான மதிப்புள்ள டோக்கன்களை) தவறான முகவரிக்கு அனுப்பினார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 7 கோடி டாலர். அது பிறகு திரும்பி வந்தது, ஆனால் அதை நம்பி யாரும் இருக்க முடியாது. வரலாற்றிலிருந்து முகவரியை எடுக்காதீர்கள். வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் சேமித்து வையுங்கள், நடு எழுத்துகளையும் பாருங்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதல் வேலை அனுமதியை ரத்து செய்வது. ஈத்தர்ஸ்கேன் என்ற எக்ஸ்புளோரரில் டோக்கன் அப்ரூவல்களைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது, ரிவோக் டாட் கேஷ் என்ற தளமும் உண்டு. ரத்து செய்வதும் ஒரு பரிவர்த்தனை என்பதால் சிறிது கட்டணம் ஆகும். வாலட்டில் உள்ள "டிஸ்கனெக்ட்" பட்டனை அழுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தளத்துக்கும் வாலட்டுக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே துண்டிக்கும், செயினில் பதிந்த அனுமதி அப்படியே கிடக்கும். சீட் ஃபிரேஸே கசிந்திருந்தால் ரத்து செய்வதில் பயனில்லை. புது ஃபிரேஸில் புது வாலட் உருவாக்கி இருப்பதை உடனே நகர்த்த வேண்டும். பரிவர்த்தனை எண், முகவரிகள், நேரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் அன்றே புகார் கொடுங்கள். டெதர், சர்க்கிள் போன்ற ஸ்டேபிள்காயின் நிறுவனங்களால் ஒரு முகவரியில் உள்ள தங்கள் காயின்களை முடக்க முடியும். ஆனால் பொதுவாகக் காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால்தான் செய்வார்கள். திருடர்களுக்கும் இது தெரியும் என்பதால் கிடைத்ததும் ஈத்தராக மாற்றிவிடுவார்கள். என் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

அப்படியானால் பேசாமல் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 2014-இல் மவுன்ட் காக்ஸ், 2022-இல் எஃப்டிஎக்ஸ் என்று வாடிக்கையாளர் பணத்தோடு மூழ்கிய இரண்டு எக்ஸ்சேஞ்சுகளின் பெயரைச் சொன்னேன், விட்டுவிட்டார். எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால், எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாமல் ஆத்தென்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியிலேயே இருக்கும் சாவி) வையுங்கள். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி ஓடிபியை வாங்கிவிடும் மோசடி பழையதுதான், இன்னும் நடக்கிறது.

இப்போது என்னிடம் இரண்டு வாலட், இரண்டுக்கும் வேறு வேறு ஃபிரேஸ். சேமிப்பு இருக்கும் வாலட் எந்தத் தளத்துடனும் இணைவதில்லை. வாங்கும், அனுப்பும், அவ்வளவுதான். இன்னொன்றில் அன்றைக்குத் தேவையானது மட்டும் இருக்கும். அப்ரூவல் சாளரத்தில் தளம் போட்டுத் தரும் எண்ணை அழித்துவிட்டு, டெபாசிட் செய்யும் தொகையை மட்டும் நானே தட்டச்சு செய்கிறேன். எண்ணை மாற்ற விடாத தளத்தில் வேலையே இல்லை. கையெழுத்துக்கு முன் பரிவர்த்தனையின் விளைவை முன்கூட்டிக் காட்டும் வசதி உள்ள வாலட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது எச்சரித்தால் நிறுத்திவிடுவேன். எச்சரிக்கவில்லை என்பதை மட்டும் நம்பித் தொடரவும் மாட்டேன்.

என் புகார் பதிவாகியிருக்கிறது, மேற்கொண்டு தகவல் இல்லை. அந்தச் சேவை புது டொமைனில் மீண்டும் இயங்குகிறது. வெறும் சோதனைக்காகக் காலி வாலட் ஒன்றை இணைத்துப் பார்த்தேன். டெபாசிட்டை அழுத்தினால் இன்னமும் வரம்பில்லாத தொகைக்குத்தான் அனுமதி கேட்கிறார்கள்.