பி.எஸ்சி. சைக்காலஜியா, பி.எஸ்.டபிள்யூ.வா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் தெருவில் யாராவது ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "இவ யார் கஷ்டத்தைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேப்பா. சைக்காலஜி சேக்கலாமா, சோஷியல் ஒர்க் சேக்கலாமா?" வருடா வருடம் இதே கேள்வி. நான் பி.எஸ்சி. சைக்காலஜி படித்தவள். என் சித்தி மகள் அதே வருடம் பி.எஸ்.டபிள்யூ., அதாவது சோஷியல் ஒர்க் இளங்கலை, சேர்ந்தாள். அதனால் இரண்டைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று ஒரு பேர். உண்மையில் பி.எஸ்.டபிள்யூ. பற்றி எனக்குத் தெரிந்தது அவள் சொல்லிக் கேட்டதும், அவளுடைய ஃபீல்டு ஒர்க் நோட்டுகளைப் புரட்டியதும்தான். என் சாய்வும் சைக்காலஜி பக்கம்தான். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் மூன்று வருடம், இரண்டுக்கும் நீட் கிடையாது. அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ இடம் கிடைத்தால் செலவு குறைவு, சுயநிதியில் அதிகம். சைக்காலஜி என்றால் "நான் இப்ப என்ன நினைக்கிறேன் சொல்லு பாப்போம்" என்று கேட்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சோஷியல் ஒர்க் என்றால் "அதுக்கு எதுக்குடி காலேஜு?" என்று கேட்கும் அத்தை உண்டு. இதில் இரண்டும் சமம்.

வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சைக்காலஜிக்கு லேப் உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. முதல் வருடத்தில் முல்லர்-லையர் என்று ஒரு பரிசோதனை செய்தோம். ஒரு சட்டத்தில் இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனையிலும் அம்புக்குறி, மற்றதில் இறகு மாதிரி வெளிப்பக்கம் விரியும் கோடுகள். விரிந்த கோட்டை நகர்த்தி, இரண்டும் ஒரே நீளம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் எவ்வளவு தப்பு என்று பின்னால் உள்ள ஸ்கேல் சொல்லிவிடும். விரிந்த கோடு கண்ணுக்கு நீளமாகத் தெரியும் என்பதைப் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இருபது முறை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் அதே பக்கம்தான் ஏமாந்தேன். தெரிந்தும் கண் கேட்கவில்லை. அன்றிலிருந்து "எனக்கு ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஸ்கேல்தான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் புள்ளியியல். மனசைப் பற்றிப் பேசும் படிப்பு, கணக்கு இருக்காது என்று நம்பி வருகிறவர்கள் திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்றதும் முழிப்பார்கள். எங்கள் வகுப்பில் அரியர் விழுந்ததில் பெரும்பங்கு அந்தத் தாளில்தான். நானும் ஒரு தடவை விழுந்து எழுந்தேன். ஆனால் பிற்பாடு சோறு போட்டதும் அதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

தங்கச்சிக்கு லேப் கிடையாது, தெருதான் லேப். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஒரு செமஸ்டர் குழந்தைகள் இல்லம், அடுத்தது குடிசைப் பகுதி, நடுவில் ஒரு கிராம முகாம். போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் அறிக்கை எழுத வேண்டும். அவளுடைய நோட்டில் ஒரு பக்கம் எனக்கு மறக்கவில்லை. "பையன் வாட்டமாக இருந்தான்" என்று எழுதியிருந்தாள். மேடம் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் "என்ன செய்தான்?" என்று கேட்டிருந்தார். கீழே திருத்தி எழுதியிருந்தாள்: "கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே வாசலைப் பார்த்தான்." இப்படி எழுத எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடத்தில் நாங்கள் பரிசோதித்த 'சப்ஜெக்ட்' எல்லாம் பக்கத்து பெஞ்சுத் தோழிகள்தான். இந்த ஒரு விஷயத்தில் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு முழு மார்க் போட்டுவிடுகிறேன்.

சரி, அப்புறம் ஏன் சைக்காலஜி என்கிறேன்? பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபது வயதில் மாறும். மாறும்போது வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன்.

இளங்கலை சைக்காலஜி முடித்தவருக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சோஷியல் ஒர்க் முதுகலை, திறந்தே கிடக்கிறது, ஏனென்றால் அதற்குப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். எதிர்த்திசையில் அப்படி இல்லை. எம்.எஸ்சி. சைக்காலஜிக்குச் சில கல்லூரிகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கும், சில கல்லூரிகள் இளங்கலையிலும் சைக்காலஜிதான் வேண்டும் என்று நிற்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கவுன்சலர் வேலைக்கு அதன் இணைப்பு விதிகள் சொல்லும் தகுதிகளில் சைக்காலஜி பட்டம் நேரடியாக இருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ. மட்டும் இருந்தால் கூடவே ஒரு கவுன்சலிங் டிப்ளமோ தேவைப்படும். கவுன்சலிங்கே வேண்டாம் என்று தோன்றினால் மனிதவளம், மார்க்கெட் ரிசர்ச் என்று போகலாம். அங்கே நான் அரியர் வைத்த புள்ளியியல் கைகொடுத்தது.

அந்த சி.பி.எஸ்.இ. விதியை நம்பித்தான் பி.எஸ்சி. முடித்த கையோடு ஒரு பள்ளிக்கு இன்டர்வியூ போனேன். காகிதத்தில் என் பட்டம் போதும். ஆனால் இன்டர்வியூ எடுத்த மேடம் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "எம்.எஸ்சி. முடிச்சிட்டு வாங்கம்மா" என்றார். ஒரு வருடம் ஆள் எடுக்கும் ஆபீசில் போன் பேசியும் எக்செல்லில் எண்களைக் கூட்டியும் ஓட்டினேன். அதே சமயம் தங்கச்சி ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஸ்கூட்டியில் சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளம் சொற்பம், ஆனால் படித்த வேலை. மூன்று வருடத்தோடு நிற்க வேண்டிய குடும்பம் என்றால் பி.எஸ்.டபிள்யூ.தான் மேல், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பின்னால் சம்பளம் ஏற அவளுக்கும் எம்.எஸ்.டபிள்யூ. வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்குத் தகுதியை வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்ற படிப்பு வேண்டும். இத்தனை காலம் வழக்கமான பாதை மூன்று வருட இளங்கலை, இரண்டு வருட முதுகலை, அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். பட்டம். ஏழு வருடம், வயது இருபத்தைந்து. அதே சட்டம் மனநல சமூகப் பணியாளரையும் சேர்த்தே சொல்கிறது. அங்கும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் எம்.ஃபில். கேட்கிறார்கள். ஆகவே காத்திருப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எம்.ஃபில்.லையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது, இந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் 2025-26 வரை நீட்டித்தது. ஆர்.சி.ஐ. நான்கு வருட பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நான் எம்.எஸ்சி.யோடு நின்று இப்போது ஒரு பள்ளியில் கவுன்சலராக இருப்பவள், அந்தப் பாதையில் நடந்ததில்லை. சேரும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். தபால் வழியில் சைக்காலஜி படிக்கலாமே என்ற யோசனையும் இனி வேண்டாம். 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து அதை யு.ஜி.சி. நிறுத்தச் சொல்லிவிட்டது.

கல்லூரி பார்க்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சைக்காலஜி என்றால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே படம் வரையும் மிரர் டிராயிங் பலகையில் பென்சில் கிறுக்கல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்.டபிள்யூ. என்றால் போன வருடம் பிள்ளைகளைக் களப்பணிக்கு எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். "அதெல்லாம் சேர்ந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றால் டீ குடித்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.