மேக்எம்கேவியும் ஹான்ட்பிரேக்கும்: பழைய கூத்து, கல்யாண டிவிடிகளை வீட்டிலேயே கொப்பி எடுப்பது பற்றி

மட்டக்களப்புப் பக்கம் அனேகமாக எல்லா வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு டிவிடி கிடக்கும். கல்யாணவீடு, சாமத்தியச் சடங்கு, வைகாசியில் நடந்த கண்ணகி அம்மன் கோயில் சடங்கு, அதோடு எங்கள் பக்கம் கட்டாயம் ஒரு கூத்து அரங்கேற்றம். ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற எழுவான்கரையில் ஈரக்காற்றும் வெயிலும் இந்த டிஸ்க்குகளை நல்லபடி விடுவதில்லை. வீட்டில் எழுதிய டிவிடியில் தரவைத் தாங்குவது ஒரு சாயப் படலம்தான், அது வருடக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். இப்போது விற்கிற லப்டொப்களில் டிவிடி போடும் இடமும் இல்லை. அதனால் யூஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மேக்எம்கேவி, ஹான்ட்பிரேக் என்ற இரண்டு மென்பொருள்களால் சொந்தக்காரர், அயலவர் டிஸ்க்குகளைக் கொப்பி எடுத்து வருகிறேன். இரண்டையும் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் இருந்து எடுக்க மேக்எம்கேவி மிக நல்லது, யோசிக்காமல் போடலாம். எடுத்ததைச் சுருக்க ஹான்ட்பிரேக்கும் நல்லதுதான், ஆனால் திறந்தவுடன் அதில் இருக்கிற செட்டிங்கோடு அப்படியே ஓட்டினால் நம் ஊர் டிஸ்க்குகளுக்கு அது சரிவராது. படம் சரியில்லை, சத்தம் சரியில்லை என்று வருகிற முறைப்பாடுகள் பெரும்பாலும் அந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

கடையில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். உறவுக்காரர் ஒருவர் கூத்து டிஸ்க் ஒன்றைக் கடையில் கொடுத்து பென்ட்ரைவில் வாங்கி வந்தார். தொடக்கத்தில் சரியாக இருந்தது, கால் மணித்தியாலம் போனபிறகு கூத்தை நடத்துகிற அண்ணாவியார் வாய் ஒன்று, பாட்டு ஒன்று. என்ன நடந்திருக்கும் என்றால், டிவிடிக்குள் படம் ஒரே பைலாக இருக்காது, விஓபி என்ற பைல்களாக ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் வெட்டப்பட்டு இருக்கும். அவற்றைத் தனித்தனியே எம்பி4 ஆக்கி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் படமும் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். மேக்எம்கேவி இப்படிச் செய்வதில்லை. டிஸ்க்கை ஒரு முழு டைட்டிலாக வாசித்து, எதையும் திரும்பச் சுருக்காமல், உள்ளே இருந்த எம்பெக்-2 படத்தையும் சத்தத்தையும் அப்படியே ஒரு எம்கேவி பைலுக்குள் போட்டுவிடும். தரம் ஒரு துளியும் குறையாது. டிவிடி வாசிக்கிற பகுதிக்கு அவர்கள் காசு கேட்பதும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். 120 செக்கனுக்குக் குறைந்த துண்டுகளை அது தானாகவே விட்டுவிடும். சினிமா டிஸ்க்குக்கு அது வசதி, ஆனால் பிள்ளையின் முதல் நடை, அம்மம்மா பேசிய ஒரு நிமிடம் என்று சின்னத் துண்டுகளாக எழுதிய டிஸ்க்கில் பாதி காணாமல் போய்விடும். செட்டிங்கில் வீடியோ பகுதிக்குப் போய் அந்த அளவைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாசிக்கும்போதே பிழை காட்டினால் டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். டிரைவை யூஎஸ்பி ஹப்பில் போடாமல் லப்டொப்பிலேயே நேராகச் சொருகுங்கள், மின் போதாமல் வாசிப்பு நின்றுவிடுகிற டிரைவ்கள் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற தரவு மீட்கும் மென்பொருள் இருக்கிறது. எந்த இடம் வாசிக்கப்பட்டது, எது இல்லை என்று ஒரு மேப் பைலில் குறித்துக்கொண்டே போகும் என்பதுதான் அதன் பெரிய நன்மை. ஒரு டிரைவ் விட்ட இடங்களை, அதே மேப் பைலை வைத்துக்கொண்டு, வேறொரு வீட்டு டிரைவில் போட்டு நிரப்பலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று வாசிப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

சரி, ஹான்ட்பிரேக்குக்கு வருவோம். எம்கேவி பைல் பெரிதாக இருக்கும், ஒரு லேயர் டிஸ்க் என்றால் 4.7 ஜிபி வரை. போனில் பார்க்க, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பச் சுருக்கத்தான் வேண்டும். நம் நாட்டு டிஸ்க்குகள் பிஏஎல் (PAL) என்ற ரீவி முறை: 720க்கு 576, செக்கனுக்கு 25 ஃபிரேம். ஆனால் வீடியோ கமராவில் எடுத்ததில் ஒவ்வொரு ஃபிரேமும் வேறு வேறு கணத்தில் பிடித்த இரண்டு பாதிகள், ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பின்னப்பட்டவை. ஆகச் செக்கனுக்கு 50 அசைவுகள் பதிவாகியிருக்கின்றன. பழைய ரீவியில் இது தெரியாது, கொம்பியூட்டரிலும் போனிலும் ஆள் வேகமாக அசைந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கிழியும். கல்யாண வீடியோவில் அதிகம் உறுத்தாது, மாப்பிள்ளை அசைவதே குறைவு. வடமோடிக் கூத்தில் சதங்கை கட்டிக்கொண்டு சுற்றி ஆடுகிற இடத்தில் காலே தெரியாது.

ஹான்ட்பிரேக்கின் வழமையான 1080p30 பிரீசெட்டில், அதாவது தயாராக வைத்திருக்கிற செட்டிங்கில், இதற்கு டீகோம்ப் ஃபில்டர் போட்டுத்தான் இருக்கிறது, கிழிசல் போய்விடும். ஆனால் அந்த 50 அசைவு 25 ஆகக் குறைந்து ஆட்டம் கொஞ்சம் தட்டுத் தட்டாகத் தெரியும். நான் செய்வது: ஃபில்டர் பகுதியில் டீகோம்ப், அதற்குள் இரண்டு பாதிகளையும் தனித்தனிப் படமாக்கும் பொப் என்பதைத் தெரிவு செய்து, ஃபிரேம் ரேட்டை 50, கொன்ஸ்டன்ட் என்று வைப்பது. பொப் போட்டுவிட்டு ஃபிரேம் ரேட்டை 30இல் விட்டால் இன்னும் மோசம், அசைவு ஒழுங்கில்லாமல் துள்ளும். 50இல் வைத்த கூத்தைப் பார்த்தால் ஆட்டக்காரரின் ஒவ்வொரு மிதியும் வழுவழுப்பாக வருகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த மென்பொருளுக்கு நன்றி சொல்வேன்.

தர எண்ணை, அதாவது ஆர்எஃப் என்பதை, 18 முதல் 22க்குள் வைக்கச் சொல்கிறார்கள், எண் குறையக் குறைய தரம் கூடும். இரவில் கூத்து ஆடும் களரியில் எடுத்த படத்துக்கு நான் 18 வைக்கிறேன், இருட்டில் கமரா போட்ட புள்ளிகளைக் குறைந்த தரத்தில் சுருக்கினால் கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். படத்தை 1080க்குப் பெருப்பிக்க வேண்டாம், இல்லாத விபரம் வராது, பைல்தான் வீங்கும். ஓரத்தைத் தானாக வெட்டுகிற வேலையையும் நிறுத்திவிட்டு வெட்டும் அளவைக் கையால் கொடுங்கள். சில மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் அது கறுப்பு எங்கே முடிகிறது என்று கணிக்கிறது, களரியைச் சுற்றி இருட்டு என்றால் கணிப்புப் பிசகலாம்.

சத்தத்தில்தான் அதிகம் பேருக்குத் தலையிடி. படமும் சத்தமும் பொருந்தவில்லை என்றால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகி இருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா, ஓர் இடத்தில் திடீரென்று குதிக்கிறதா? கூத்து டிஸ்க் என்றால் இதைப் பிடிப்பது சுலபம், சல்லரி என்ற தாளம் தட்டுகிற கையைப் பாருங்கள், தட்டும் சத்தமும் சேர்ந்து வரவேண்டும். தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று பார்த்தால் போதும்.

ஒரே அளவு விலகல் என்றால் விஎல்சி பிளேயரில் போட்டு விசைப்பலகையில் கே (K) பொத்தானை அழுத்துங்கள், ஒரு அழுத்துக்கு 50 மில்லி செக்கன் சத்தம் பிந்தும், ஜே (J) அழுத்தினால் முந்தும். பொருந்துகிற எண் திரையிலேயே தெரியும். அதே எண்ணை, எம்கேவி பைலைத் திருத்துகிற எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடியோ டிராக்குக்கு டிலே என்று கொடுத்துச் சேமித்தால் முடிந்தது, திரும்பச் சுருக்கவே தேவையில்லை. ஓர் இடத்தில் குதித்தால் அங்கே டிஸ்க்கில் கீறலோ வாசிக்காத பகுதியோ இருக்கிறது, ஹான்ட்பிரேக்கில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் தீராது, திரும்ப டிஸ்க்குக்குத்தான் போகவேண்டும். கூடிக்கொண்டே போனால் முதலில் மூல எம்கேவியைப் பாருங்கள். அதில் சரியாக இருந்து சுருக்கிய பைலில் மட்டும் விலகினால் ஃபிரேம் ரேட்டை கொன்ஸ்டன்ட் ஆக்கித் திரும்ப ஓட்டுங்கள். இதற்காகத்தான் சொல்கிறேன், சுருக்கிய பின்னும் மூல எம்கேவியை அழிக்காதீர்கள். பிழை வாசிப்பிலா சுருக்கத்திலா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்பது கல்யாண டிஸ்க்குகளில் சர்வ சாதாரணம். கமராவில் ஒரு மைக், ஒரு பக்கத்தில் மட்டும் பதிவு. ஹான்ட்பிரேக்கின் ஓடியோ பகுதியில் மிக்ஸ்டவுன் என்ற இடத்தில் இடது மட்டும், வலது மட்டும் எடுத்து மொனோ ஆக்கும் தெரிவுகள் இருக்கின்றன, இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி. சத்தம் குறைவு என்றால் கெயின் என்பதைக் கூட்டலாம், ஆனால் மத்தளம் உச்சத்தில் அடிக்கிற இடத்தைப் போட்டுக் கேட்டபிறகு கூட்டுங்கள், அளவு மீறினால் கரகரப்பு வந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. டிஆர்சி என்ற ஒன்றும் பக்கத்தில் இருக்கும், மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் கிட்டக்கிட்டக் கொண்டுவருவது. பேச்சு அதிகமுள்ள வீடியோவுக்கு உதவும், கூத்துக்கு அதைத் தொடவேண்டாம், மத்தளத்தின் உயிர் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

லப்டொப்பில் சத்தம் இருக்கிறது, ரீவியில் பென்ட்ரைவைப் போட்டால் படம் மட்டும் ஓடுகிறது என்றால் அந்த ரீவிக்கு அந்த ஓடியோ வகை தெரியாது என்று அர்த்தம். ஹான்ட்பிரேக்கில் ஏஏசி என்ற ஓடியோ வகையில் ஸ்டீரியோ டிராக் ஒன்றை முதலாவதாக வைத்தால் சரியாகும். மூல எம்கேவி பென்ட்ரைவுக்குள் ஏற மறுத்தால், அது ஃபாட்32 முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய பாதுகாப்புப் பூட்டுள்ள சினிமா டிஸ்க்கை ஹான்ட்பிரேக் திறக்காது, அல்லது கட்டம் கட்டமாகக் குழம்பிய படத்தைக் காட்டும். நான் எழுதியது முழுக்க வீட்டு டிஸ்க்குகளைப் பற்றித்தான்.

கடைசியாக ஒன்று. கமராவுக்குள்ளேயே போட்டு எடுக்கிற அந்தச் சின்ன 8 சென்ரிமீற்றர் டிவிடிகள் சிலவற்றை இந்த இரண்டு மென்பொருளும் வெறும் டிஸ்க் என்றே காட்டும். பயப்படாதீர்கள், எறிந்தும் விடாதீர்கள். எடுத்தவர் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் வாசிக்கும்படி டிஸ்க்கை முடித்து மூடாமல், விட்டிருப்பார். எடுத்த கமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். கமரா இல்லை என்றால் விண்டோஸில் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் மூலம் உள்ளே இருப்பதைப் பார்த்து வெளியே எடுக்கலாம், முழு வசதிக்குக் காசு கட்டவேண்டும். ஒரேயொரு கொப்பிதான் இருக்கிற டிஸ்க் என்றால் கட்டிவிடுங்கள்.